கயிற்றின் மேல்முனை

பால்வாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சோறுண்ட பிள்ளைகள் பாயில் வரிசை கலைந்து உறங்கினார்கள். ஒருத்தியின் கால் இன்னொருவன் வயிற்றில் கிடந்தது. உதவியாளர் முட்டை ஓடுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். டீச்சர் எடை பார்க்கும் கருவியைத் துணிப்பையில் வைத்தார். அதன்மேல் இரண்டு சிரட்டை, பொடிக்கல் போட்டு இறுக மூடிய ஒரு பிளாஸ்டிக் போத்தல், பழைய சேலைத் துணியில் தைத்த ஒரு பொம்மை.

என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“வீடுகளுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒரு வார்த்தை பேசக்கூடாது. நோட்ட வெளிய எடுக்கக்கூடாது. படம் எடுக்கவே கூடாது. இருபது வருசமா நான் தட்டித் தட்டித் திறந்த கதவு அதெல்லாம். ஒருதரம் மூடிட்டா பெறவு திறக்காது.”

தலையாட்டினேன். எந்த வீடு, யார் பிள்ளை என்பதற்கு இதில் அடையாளம் கிடையாது. கண்டதும் கேட்டதும் மட்டும்தான் உண்டு.

பங்குனி வெயில். கொற்கையின் பழைய வன்னிமரத்தடியில் கொஞ்சம் நிழல் இருந்தது. பாண்டியரின் துறைமுகம் இருந்த ஊர். கிழக்கேயும் மேற்கேயும் இருந்து மரக்கலங்கள் முத்துக்காக வந்த கரை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட, அலை இன்று ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. கப்பல் நின்ற இடத்தில் வாழை நிற்கிறது. ஆனாலும் இந்தப் பக்கத்து வீடுகளின் பிழைப்பில் கடல் இன்னும் இருக்கிறது. ஒரு வீட்டில் உப்பளம், ஒரு வீட்டில் துறைமுகம், ஒரு வீட்டில் படகு.

டீச்சர் வேகமாக நடந்தார். பை அவர் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

*

முதல் வீடு. திண்ணையில் ஆச்சி. உள்ளே, உப்பளத்திலிருந்து திரும்பிய தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெடித்த குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பாத்தியில் தேங்கிய உப்புநீர் எந்தத் தோலையும் விட்டுவைப்பதில்லை. எதிரே இரண்டு வயதுப் பையன் கிண்ணத்துச் சோற்றோடு இருந்தான். கிண்ணத்தைத் தூக்கினான், போட்டான். சத்தம் வந்தது. சிரித்தான். மறுபடி தூக்கினான், போட்டான். சோறு பாயெங்கும் சிதறியது.

தாயின் கை ஓங்கியது.

டீச்சர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அடிக்காதே என்றும் சொல்லவில்லை. பையிலிருந்து போத்தலை எடுத்து ஒரு தடவை குலுக்கினார். கலகலவென்ற சத்தத்துக்குப் பிள்ளை திரும்பினான். தாயும் திரும்பினாள். ஓங்கிய கை சற்றே அப்படி நின்றுவிட்டு, பிறகு முந்தானையில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டது.

“எப்ப எந்திரிச்ச?”

“ரெண்டரைக்கு. மூணு மணிக்கு வண்டி வந்துரும்லா.”

“சாப்பிட்டியா?”

பதில் இல்லை.

“மொதல்ல நீ சாப்பிடு. அவன் எங்கிட்ட இருக்கட்டும்.”

அடுத்த பத்து நிமிடம் அந்த வீட்டில் பாடம் எதுவும் நடக்கவில்லை. ஒரு தாய் சாப்பிட்டாள், அவ்வளவுதான். சிதறிய சோற்றை டீச்சரே கூட்டி அள்ளினார். பிள்ளை கையில் சிரட்டையைக் கொடுத்தார். அவன் போட்டான். இவர் எடுத்துக் கொடுத்தார். போட்டான். எடுத்துக் கொடுத்தார். ஏழெட்டுத் தடவை. தாய் மென்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி உருண்டை உள்ளே போன பிறகுதான் டீச்சர் பேசினார்.

“இவன் திமிருலயா போடுதான்? பாரு. போட்டா விழுதா, சத்தம் வருதா, அம்மா எடுத்துத் தருவாளான்னு பாக்குதான். ஒவ்வொரு தரமும் அவனுக்குப் புதுசு. சோத்துக் கிண்ணத்த இப்படிப் போடக்கூடாதுன்னு அவனுக்கு இன்னும் தெரியாது. போடுததுக்கு ஒரு சிரட்டையக் குடு. சோத்த நீ கையில வச்சு ஊட்டு.”

“அலுத்துப்போயி வாரேன் டீச்சர். கண்ணு மண்ணு தெரியாம வருது.”

“தெரியும். அதனாலதான் மொதல்ல சாப்பிடுன்னேன். வெறும் வயித்துக்கு யார் மேலயும் கோவம் வரும்.”

திண்ணையிலிருந்து ஆச்சி குரல் கொடுத்தார். “என்ன டீச்சர் நீங்க! முருங்கைய ஒடிச்சு வளக்கணும், பிள்ளைய அடிச்சு வளக்கணும்னு சும்மாவா சொன்னாவ?”

நம் ஊரில் எத்தனை முதுகுகள் இந்தப் பழமொழியைக் கேட்டு வளர்ந்தன! என் முதுகும் அதில் ஒன்று. டீச்சர் எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசலுக்கு வந்து, வேலியோரம் நின்ற முருங்கையை அண்ணாந்து பார்த்தார். அதில் காய் சரஞ்சரமாகத் தொங்கியது.

“இது நீங்க வச்ச மரமா ஆச்சி?”

“பெறவு? போத்து கொண்டாந்து நட்டது நாந்தான்.”

“நட்டுட்டு என்ன செஞ்சிய?”

“என்ன செய்ய? வெயிலுல உச்சி காஞ்சுரக்கூடாதுன்னு சாணி அப்புனேன். ஆடு கடிச்சிராம முள்ளடச்சேன். காத்துல ஆடாம கம்பு ஊனுனேன்.”

“எப்ப ஒடிச்சிய?”

“ஒடிக்கதுக்கென்ன அவசரம்? அது வேர் புடிச்சு, தழச்சு, ரெண்டு வருசம் காச்ச பெறவுல்லா கொம்ப ஒடிச்சேன். போத்தப் போயி யாராவது ஒடிப்பாவளா, பட்டுப்போயிராது?”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது ஆச்சியின் காதிலேயே விழுந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி வெற்றிலையைக் கிள்ளினார். காம்பை எறிந்தார். உள்ளே சிரட்டை விழுந்து உருளும் சத்தம். கொஞ்சநேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல், “எய்யா, இங்கன வா” என்று பேரனைக் கூப்பிட்டார்.

போத்தல் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டது. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்வதாக டீச்சர் சொன்னார். திரும்ப வருவதற்கு அதுதான் சாக்கு என்று எனக்குத் தெருவுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

*

தெருவில் நடக்கையில் அவர் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் தொடங்கியது. 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கி உதவியோடு வந்தது. மாதந்தோறும் பிள்ளைகளை எடைபோட்டு, தேய்ந்த பிள்ளையைக் கண்டுபிடித்துச் சத்துணவு கொடுத்தார்கள். தாய்க்கு விளக்கம் சொல்ல வீட்டுப் படியேறினார்கள். ஆக, நம் வீடுகளுக்குத் தராசு வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. எடை குறைந்த பிள்ளையைக் கண்டால் ஊரே பதறக் கற்றுக்கொண்டது. பயந்த பிள்ளையைக் கண்டு பதற இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பயம் தராசில் ஏறாது. அதைப் பார்க்க ஒருவர் வீட்டுக்குள் வந்து கொஞ்சநேரம் உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்து பார்த்தவர்கள் உலகில் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரில், 1970-களின் பிற்பகுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் நானூறு கர்ப்பிணிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். முதல் பிள்ளைக்குக் காத்திருந்தவர்கள். பலர் ஏழைகள், பலர் பதின்வயதினர், பலருக்குத் துணையில்லை. ஒரு பகுதியினர் வீட்டுக்குச் செவிலியர் போய்வந்தார்கள், கர்ப்பத்தில் தொடங்கிப் பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை. பதினைந்து ஆண்டு கழித்து எண்ணிப்பார்த்ததன் முடிவு 1997-இல் வெளியானது. செவிலியர் போய்வந்த வீடுகளில், பிள்ளையைக் கொடுமைப்படுத்தியதாகவோ கவனிக்காமல் விட்டதாகவோ உறுதியான புகார்கள் மற்ற வீடுகளைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. செவிலியர் வருகை நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பலன் நின்றது.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-இல் சாலி கிரந்தம்-மெக்ரெகர் தொடங்கிய வேலை இன்னும் எளியது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணிப்பெண்கள் வாரம் ஒருமுறை, ஒரு மணிநேரம், இரண்டு ஆண்டு போனார்கள். கொண்டுபோனது வீட்டுக் கழிவுப்பொருளில் செய்த பொம்மைகள். சொல்லிக்கொடுத்தது தாய் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது, எப்படி மெச்சுவது என்பதை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, அப்படி யாரும் வந்துபோகாத பிள்ளைகளைவிட ஏறத்தாழ கால்பங்கு கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

கிங்ஸ்டன் பெண்களின் பையிலும் இப்படி ஒரு போத்தல் கலகலத்திருக்கும்.

*

இரண்டாவது வீட்டின் சுவரில் இடுப்புக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு ஓடியது. 2023 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன கோடு. அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் ஆறும் குளமும் ஒன்றாகிக் கிடந்தன. குலை தள்ளி நின்ற வாழை அப்படியே சாய்ந்தது. கோட்டுக்கு மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கோட்டை ஏனோ விட்டுவிட்டார்கள்.

தகப்பன் முற்றத்தில் வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். தாய் அடுப்படியில். மூத்தவள், ஏழு வயது, தூணுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்தாள். டீச்சர் பார்க்க வந்தது கைப்பிள்ளையை. ஆனால் எடை போட்டு முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

“கடன் எப்படி இருக்குண்ணே?”

“வெள்ளத்துல போன வாழைக்கு இன்னும் வட்டி கட்டுதேன்.” நார் சரக்கென்று கிழிந்தது.

“பெரியவள அடிச்சியளாமே.”

அவர் நிமிரவில்லை. “வீட்டுல சொல்லிட்டாளா? எங்கப்பன் என்னய அடிச்ச அடிக்கு இதெல்லாம் ஒண்ணுமேயில்ல. அந்த அடியிலதான் நான் ஆளானேன்.”

“அப்பா எதுக்கு அடிச்சாவ? ஞாபகம் இருக்கா?”

கிழித்துக்கொண்டிருந்த கை நின்றது. நெடுநேரம் யோசித்தார்.

“எதுக்குன்னு ஞாபகமில்ல.”

“பெறவு எது ஞாபகமிருக்கு?”

“எடம். மாட்டுத் தொழுவத்துல வச்சு. கன்னுக்குட்டி பாத்துக்கிட்டு நின்னுச்சு.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அவர் மனைவிக்கே இது புதிய செய்தி என்று தோன்றியது. கற்பிக்க நினைத்த பாடம் நாற்பது ஆண்டில் அழிந்துபோயிற்று. தொழுவமும் கன்றின் கண்ணும் மட்டும் அழியவில்லை. அதற்குமேல் அவரிடம் யாரும் எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை.

தாய் வெளியே வந்தாள். “அடிச்சது எதுக்குன்னா, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கா டீச்சர். முன்னயெல்லாம் அடுத்த தெருவுல ஒரு வீட்டுக்கு டிவி பாக்க ஓடுவா. ரெண்டு வாரமா, அங்க போயி மாவுப்பாத்திரத்த வாங்கிட்டு வான்னாகூட போக மாட்டேன்னு தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கா.”

டீச்சரின் முகம் மாறவில்லை. ஆனால் குரல் தணிந்தது. பிள்ளையை மாடு கட்டியிருக்கிறதா பார்த்துவரச் சொல்லி அனுப்பிவிட்டு, இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“போக மாட்டேன்னு சொல்லுத பிள்ளைய அடிச்சு அனுப்பாதீங்க. ஏன், எதுக்குன்னு குடையாதீங்க. ‘நீ போகவேண்டாம், நாங்க இருக்கோம்’னு மட்டும் சொல்லுங்க. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். அங்க ஒரு நாய் இருக்கலாம். ஆனா அவளா வந்து என்ன சொன்னாலும் மொதல்ல நம்பணும். அண்ணே, முக்கியமா நீங்க. கேட்டதும் கோவம் வரும். அத அவ முன்னால காட்டாதீங்க. தன் மேலதான் கோவம்னு நெனச்சு வாய மூடிக்கிடுவா.”

தகப்பன் நாரைக் கீழே வைத்திருந்தார்.

பிள்ளை திரும்பி வந்ததும் பையிலிருந்து துணிப்பொம்மை வெளியே வந்தது. கண், காது, கை, வயிறு என்று சொல்லிக்கொண்டே வந்தார் டீச்சர். பிள்ளை தொட்டுக்காட்டினாள். உடுப்பு மூடியிருக்கும் இடங்களையும் அதே குரலில், கூச்சமில்லாமல், பேர் சொல்லிச் சொன்னார். அந்த இடத்தைக் குளிப்பாட்டும்போது அம்மா தொடலாம், ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் நிற்க டாக்டர் பார்க்கலாம், மற்ற யாரும் தொடக்கூடாது, தொட்டால் வேண்டாம் என்று கத்தலாம், ஓடி வரலாம், யாரிடமும் சொல்லாதே என்று எவர் சொன்னாலும் அப்பாவிடம் சொல்லலாம். தாய் தலையைக் குனிந்துகொண்டாள். தகப்பன் முதலில் முற்றத்தைப் பார்த்தார். பிறகு பொம்மையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

நாங்கள் எழுந்தபோது அவர் ஒரு நாரின் நுனியை மகள் கையில் கொடுத்து, “இதப் புடிச்சுக்கோ தாயி” என்றார். அவள் பிடித்துக்கொண்டாள். தூணை விட்டிருந்தாள்.

*

குளக்கரையில் ஒரு டீக்கடை. அங்கேதான் டீச்சர் என்னிடம் பேசினார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“அந்த வீட்டுக்கு நாளைக்கும் போவேன். அந்தப் பிள்ளை ஏதாவது சொன்னா அதுக்கு மேல சொல்லிக்குடுக்குத வேலை இல்ல. சட்டம் இருக்கு.”

சட்டம் இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் வந்தது. அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அது. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம், தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறவருக்குச் சிறைத்தண்டனை உண்டு என்கிறது. 1098 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் இருக்கின்றன.

“ஒருதரம் அந்த நம்பருக்குப் போன் பண்ணினேன்,” என்றார். “பையன் கெண்டைக்கால்ல சூடு. சைலன்சர் பட்டுட்டுன்னாவ. சைலன்சர் சுட்ட தடத்துக்கும் கரண்டி சுட்ட தடத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். போன் பண்ணினேன். ஏழு மாசம் அந்த வீட்டு வாசல்ல என்னய ஏத்தல. பையன் தப்பிச்சான். அது போதும். ஆனா எனக்கு மனசுக்குள்ள ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. சூடு வைக்கதுக்கு முந்தின நாள் நான் அங்க போயிருந்தேன்னா? பாயில மூத்திரம் போறது வேணும்னு செய்யுறதில்லன்னு அந்தத் தாய்க்கு யாராவது சொல்லியிருந்தா?”

டீ ஆறிக்கொண்டிருந்தது.

நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூவரில் இருவர் அடிபட்டிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடிபட்ட பிள்ளைகளில் கிட்டத்தட்ட 89 விழுக்காட்டினரை அடித்தது பெற்றவர்களே. பாலியல் தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை. சட்டம் நடந்த பிறகு வருகிறது. அது வரத்தான் வேண்டும். ஆனால் நடப்பதற்கு முந்தின நாள் அந்த வாசலுக்கு யார் வருவது?

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். “புருசன் பொண்டாட்டிய அடிக்குத வீட்டுல நான் பிள்ளை வளப்பச் சொன்னா ஏறாது. பயந்துக்கிட்டு இருக்கவ காதுல எது ஏறும்?” எல்மைராவின் கணக்கும் இதையே சொல்லிற்று. அந்தச் சோதனையின் தொடர் ஆய்வு 2000-இல் வந்தபோது, தாய்மேல் வன்முறை மிகுந்த வீடுகளில் செவிலியர் வருகையால் பிள்ளைக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று கண்டார்கள். தாயைக் காக்காமல் பிள்ளையைக் காக்க முடியாது. நானூறு வீட்டைப் படித்து அவர்கள் கண்டதை, கொற்கைக் குளக்கரையில் இவர் தன் தெருக்களிலிருந்தே கண்டிருந்தார்.

*

மூன்றாவது வீட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருமுனையிலேயே அழுகை கேட்டது. நாற்பது நாளைத் தாண்டிய பிள்ளை. வீரிட்ட குரல். தூலத்தில் சேலைத் தொட்டில் தொங்கியது. பிள்ளை அதில் இல்லை. தாயின் தோளில் இருந்தது. தாய்க்கு இருபது வயது இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கருவளையம். கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வருவார். வீட்டில் துணை, கணவரின் தாத்தா மட்டும். எண்பதைத் தாண்டியவர். வாசல் கட்டிலில் கடலைப் பார்ப்பதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

டீச்சர் பிள்ளையை வாங்கினார். நெற்றியைத் தொட்டார். காதுமடலைப் பார்த்தார். துணியை அவிழ்த்து எறும்பு ஏதும் கடித்திருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றைத் தடவினார். எடை போட்டார். “காய்ச்சல் இல்ல. பால் குடிக்கான். எடை ஏறியிருக்கு. நல்லா இருக்கான்.”

“நல்லா இருக்கவன் ஏன் அக்கா இப்படி அழுதான்? பொழுதடைஞ்சா ஆரம்பிச்சிருதான். ராத்திரி பத்து வரைக்கும். எங்கிட்டதான் ஏதோ கொற.”

“உங்கிட்ட ஒரு கொறயும் இல்ல. பொறந்து ரெண்டு வாரத்துல கூடும். ஆறு வாரத்துல உச்சத்துக்குப் போகும். மூணு நாலு மாசத்துல தானா கொறஞ்சிரும். எல்லா ஊருலயும் எல்லாப் பிள்ளையும் இப்படித்தான்.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பிள்ளையை மடியில் போட்டு ஆட்டியபடி காத்திருந்தார். அவசரப்படவில்லை. அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழுகை இருந்தது, ஆனால் அறையில் ஓர் அமைதியும் இருந்தது.

“அக்கா... நேத்து ராத்திரி...” குரல் உடைந்தது. “இவன ரெண்டு கையாலயும் தூக்கி ஒரு உலுக்கு உலுக்கணும்னு வந்துச்சு. தூக்கிட்டேன். அப்புறம் என் கையப் பாத்து எனக்கே பயமாயிட்டு. பாயில கெடத்திட்டு வெளிய ஓடிட்டேன். அழுதுகிட்டே கெடந்தான். பெத்த பிள்ளைய விட்டுட்டு ஓடுன பாவி அக்கா நான்.”

எனக்கு மூச்சு நின்றது. டீச்சரின் மடி ஆடுவது நிற்கவில்லை.

“கெடத்திட்டு வெளிய போனியா?”

“ஆமா.”

“அதுதான் சரி. நீ செஞ்சதுதான் சரி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கழுத்து நிக்காத பிள்ளை. ஒடம்புக்குத் தலை பாரம். உலுக்குனா மூளை உள்ளுக்குள்ளயே மோதும். ரத்தம் கசியும். கண்ணு போகும், உசிரே போகும். வெளிய ஒரு காயமும் தெரியாது. அந்த நேரத்துல நல்ல தாய் செய்யுதது, பத்திரமான எடத்துல மல்லாக்கக் கெடத்திட்டு ரெண்டடி வெளிய போயி மூச்ச விடுதது. கொஞ்சநேரம் அழட்டும். அழுகையால ஒண்ணும் ஆயிராது. நீ ஓடல மக்ளே. நீ அவனக் காப்பாத்தியிருக்க.”

அவள் அழுதாள். பிள்ளையும் தாயும் ஒன்றாய் அழுதார்கள். டீச்சர் இன்னும் சில கேள்விகள் கேட்டார். உறக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. நேராகவே கேட்டார். மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தது. ஆனாலும் மறுநாள் நர்ஸம்மாவோடு வருவதாகச் சொன்னார்.

பிறகு வாசலுக்குப் போனார்.

“தாத்தா, உள்ள நடந்தது காதுல விழுந்துச்சா?”

“எல்லாம் விழுந்துச்சு.” கிழவர் குரல் கரகரத்தது. “ஆம்பள நான் கைப்பிள்ளைக்கு என்னத்தச் செய்ய?”

“நீங்க கடல்ல என்ன வேலை பாத்திய?”

அவர் முகம் திறந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அப்போது இவர் மீசை அரும்பிய வயது. மூழ்கவில்லை. படகில் நின்று கயிறு பிடித்தவர். கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போகிறவன் ஒரு மூச்சுக்குள் சிப்பியை அள்ளியாக வேண்டும். மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுத்தாக வேண்டும். அதனால்தான் மனைவியின் உடன்பிறந்தானைக் கயிறு பிடிக்கக் கூட்டிப்போவார்கள், அக்கா தங்கை தாலிக்காவது அவன் கண்ணயர மாட்டான் என்று இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்வார்கள்.

“மேல இருக்கவன் முத்து எடுக்க மாட்டான்,” என்றார் கிழவர். “கீழ போறவன் எடுக்கான். ஆனா நம்ம கவனம் தப்புச்சுன்னா அவன் மேல வர மாட்டான்.”

டீச்சர் சிரித்தார். “அந்த வேலைதான் தாத்தா. பொழுதடஞ்சதுல இருந்து எட்டு மணி வரைக்கும். அவ ஒறங்கட்டும்.”

கிழவர் எழுந்தார். கட்டிலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிள்ளையைத் தொட்டிலில் இட்டார்கள். தொட்டிலில் கட்டிய கயிற்றை அவர் வலதுகை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தது. அறுபது ஆண்டுக்கு முந்தைய பிடி அந்த விரல்களுக்கு மறக்கவில்லை. அழுகை உடனே நிற்கவில்லை. நிற்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. அவர் இழுத்தார், விட்டார், இழுத்தார், விட்டார். தொட்டிலுக்குள் பிள்ளை உதைக்கும் ஒவ்வோர் உதையும் கயிற்றில் வந்து தெரிந்தது. அவர் தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் தாய் சுவரோரம் படுத்தவள், படுத்த வாக்கிலேயே உறங்கிப்போனாள். டீச்சர் விளக்கைத் தணித்தார்.

வாசலுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தார். எடைக்கான கட்டத்தில் 4.300 என்று எழுதினார். எழுத வேறு கட்டம் இல்லை. பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், சின்னதாக எழுதினார்:

நாளை. பெறவு வியாழன். பெறவு திங்கள்.